சூரனுக்கு வந்த மூஞ்சி

வேற எது வேணும்னாலும் கேளுங்க அண்ணாச்சி. குதிரை கேளுங்க, மயில் கேளுங்க, தேருக்குப் பொம்மை கேளுங்க, செஞ்சு தாரேன். சூரன் தலை மட்டும் என்கிட்ட கேக்காதிய. அந்த வெத்தலை பாக்குத் தட்டை எடுத்து அந்தப் பக்கமா வைங்க மொதல்ல. அதைப் பாத்தாலே எனக்கு என்னமோ செய்யுது.

இருங்க, அந்த முக்காலியில உக்காராதிய. அதுல ஒரு காலு நூலளவு குட்டை. இந்தப் பலகையில உக்காருங்க. சட்டையில ரெண்டாவது பொத்தானை மூணாவது ஓட்டையில மாட்டியிருக்கிய பாருங்க, அதையும் சரி பண்ணிக்கிடுங்க. தப்பா நெனைக்காதிய. கண்ணுல பட்டுது, சொல்லுதேன்.

எங்க ஊருச் சூரனைப் பாத்துட்டுத்தான் வந்திருக்கிய, தெரியும். அப்பிடியே உசுரோட இருக்கு ஆசாரியாரேங்கிய. நீங்க மட்டுமா சொல்லுதிய, பாத்தவன் பூரா அதைத்தான் சொல்லுதான். எனக்குப் பயமே அதானே. அது உசுரோடதான் இருக்கு. சங்கரன்கோயில்ல நகைப் பட்டறை வச்சிருக்கு. என் மகளுக்கு மாமனாரு.

சிரிக்காதிய. சிரிக்கிற சமாச்சாரமா இது?

அவிய பேரு பரமார்த்தலிங்கம். நல்ல மனுசன். அதை மொதல்லயே சொல்லிப்புடுதேன். எனக்கு அவிய மேல ஒரு வருத்தமும் கிடையாது. கல்யாணத்தன்னைக்கு ஒண்ணு நடந்துது, அதைக்கூட நான் மனசுல வச்சுக்கிடல. பிள்ளை மணவடையில உக்காந்திருக்கா. நாங்க போட்ட வளையலைக் கழத்தச் சொல்லி, மடியில இருந்து உரைகல்லை எடுத்தாவ. கல்யாணத்துக்கு எவனாவது உரைகல்லை மடியில கட்டிட்டு வருவானா? வந்தாவ. தொழில்காரன் பழக்கம், நான் ஒண்ணும் தப்புச் சொல்லல. கல்லுல ஒரு இழுப்பு இழுத்தாவ. இடது கண்ணைச் சுருக்கி, கீழ் உதட்டைப் பிதுக்கி, கன்னத்தை உப்ப வச்சுப் பாத்தாவ. முந்நூறு பேரு பாத்துட்டு இருக்கான். தவில்காரன் கையை நிறுத்திட்டுப் பாக்கான். "ம்ம்"ன்னாவ. அவ்வளவுதான். நல்லாருக்குன்னும் சொல்லல, நல்லால்லன்னும் சொல்லல. வளையலைப் பிள்ளை கையில மாட்டச் சொல்லிட்டுப் போயிட்டாவ.

அதை நான் அன்னைக்கே மறந்துட்டேன். மூணு வருசம் ஆகப்போவுது. வைகாசி பன்னெண்டாந் தேதி, வெள்ளிக்கிழமை, காலைல ஏழு இருவதுக்கு. சுத்தமா மறந்துட்டேன்.

ஆனா பயம் உண்டு. அதை மறைக்க மாட்டேன். அவிய மூத்த மருமக இருக்காள்லா, அவளுக்கு ஒரு அண்ணன். ஒரு சாவுத் துட்டி வீட்டுல சம்மந்தி வரும்போது அந்தப் பையன் நாற்காலியில இருந்து எந்திரிக்கல. போன்ல யாருகிட்டயோ பேசிட்டு இருந்திருக்கான், கவனிக்கல. சம்மந்தி ஒண்ணும் சொல்லல. சத்தம் போடல. அடுத்த வாரம் மருமக அம்மா வீட்டுக்குப் போனா, கூட்டிட்டு வர ஆளு போகல. எட்டு மாசம். புருசங்காரன் வாயே திறக்கல. எட்டு மாசம் கழிச்சு அந்த அண்ணன்காரன் போயி வாசல்ல நின்ன பொறவுதான் அவ வீடு திரும்புனா. ஒரு நாற்காலிக்கு எட்டு மாசம்னா, ஒரு மூஞ்சிக்கு எத்தனை மாசம்னு நீங்களே போட்டுப் பாருங்க.

இந்தச் சூரன் வேலை வந்தப்பம் என் மக உலகு ஏழு மாசம் முழுகாம இருந்தா. தலைப்பிள்ளை.

உங்க ஊருல எப்பிடியோ, எங்க ஊருல சூரனுக்கு மூணு தலை. மொதல்ல யானைத் தலை, பொறவு சிங்கத் தலை, கடைசியா அவன் சொந்தத் தலை. உடம்பு ஒண்ணுதான், தலையை மட்டும் மாத்தி மாத்திச் சொருவுவாவ. அந்தக் கடைசித் தலை செல்லரிச்சுப் போச்சு. போன ஆவணியில கோயில் கமிட்டித் தலைவர் வெள்ளத்துரை வந்து, ஆசாரியாரே, புதுசா ஒண்ணு வேணும், பாத்தவன் பயப்படணும்னாரு. செய்யுதேன்னு தட்டை வாங்கிட்டேன். வாங்குனதோட நின்னேனா? வாயி சும்மா இருக்கமாட்டேங்குதே. சாமி வேலுக்கு வெள்ளித் தகடு அடிக்கணும்லா, அதை எங்க சம்மந்திகிட்ட குடுங்க, அவியளைக் கூப்பிட்டு ஒரு பரிவட்டம் கட்டுங்க, எனக்கும் ஒரு கௌரவம்னு நான்தான் சொன்னேன். நானேதான் சொன்னேன் அண்ணாச்சி. வேற யாரையும் குத்தம் சொல்லதுக்கு இல்ல.

அத்திமரத்துல ஒரு துண்டு கிடைச்சுது. நல்லா முத்துன கட்டை, வெடிப்பு கிடையாது. ஒரு கண்ணை மூடிக்கிட்டு ரேகை ஓட்டம் பாத்தேன், நூல் பிடிச்ச மாதிரி இருந்துது. அசுரன் மூஞ்சிக்கு அளவு கிடையாது, தெரியும்லா. சாமிக்குத்தான் நெத்தி இவ்வளவு, மூக்கு இவ்வளவுன்னு கணக்கு. சூரனுக்குக் கை போன போக்குதான். பேப்பர்ல கேலிப்படம் போடுதான் பாருங்க, காதை விரிச்சு, மூக்கை நீட்டி, அது மாதிரிதான். அதனால ஒண்ணையும் யோசிக்காம உளியை ஓட்டுனேன். இருவது நாளு. என் ஆயுசுல கை அப்பிடி ஓடுனதே கிடையாது. சாப்பாடு ஓடல, பேச்சு ஓடல, உளி மட்டும் ஓடுது. கன்னத்தைப் பெருசா வச்சேன். உதட்டை வெளிய தள்ளுனேன். தள்ளும்போது மனசுக்கு ஒரு சொகமா இருந்துது. என்ன சொகம்னு கேக்காதிய, வேலை நல்லா வந்தா வர்ற சொகம்தான்.

கண்ணு திறக்கிற வரைக்கும் அது கட்டைதான். புரட்டாசி கடைசியில நல்ல நேரம் பாத்து, வெள்ளத்துரை சூடம் கொளுத்தி நிக்க, கண்ணைத் திறந்தேன். வலது கண்ணு கோழி முட்டை மாதிரி வந்துது. இடது கண்ணு சுருங்கி வந்துது. ஏன் அப்பிடி வந்துதுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. வெள்ளத்துரை ரெண்டு எட்டு பின்னால போயிட்டாரு. "ஏ அப்பா"ன்னாரு. எனக்குப் பெருமை தாங்கல.

மறுநாளு சொர்ணம் காப்பி கொண்டுட்டு வாரா. சொர்ணம்னா என் வீட்டுக்காரி. தலையை வாசலைப் பாக்க வச்சிருக்கேன், பூசுன பட்டி காஞ்சுட்டான்னு பாக்கதுக்காக. அவ வாசப்படியில காலை வச்சவ, டக்குன்னு நின்னுட்டா. சேலை முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கிட்டா. காப்பியை மத்தக் கைக்கு மாத்திக்கிட்டு, "வாங்க"ன்னு வாயெடுத்துட்டா.

"ஏளா, யாரை வாங்கன்னு சொல்லுதே?" ன்னேன்.

அவ தலையைப் பாக்கா, என்னைப் பாக்கா. காப்பியைத் தரையில வச்சா.

"பாவி மனுசா, சம்மந்தியைப் போயி இப்பிடிச் செஞ்சு வச்சிருக்கேரே"ன்னா.

திரும்பிப் பாத்தேன். அந்தச் சுருங்குன கண்ணு. அந்த உதடு. வளையலைப் பாத்த மாதிரியே என்னைப் பாக்கு.

கண்ணு திறந்த பொறவு உளி படக்கூடாது. அது எங்க அப்பா சொல்லிக் குடுத்த வழக்கம், அதை மீறுனா கை விளங்காது. இனிமே என்ன செஞ்சாலும் பெயின்டுலயும் ஒட்டுலயும்தான் செய்யணும். எட்டு நாளு இருக்கு காப்புக் கட்டதுக்கு. சரி, மூஞ்சியை மாத்திப்புடலாம்னு நெனச்சேன்.

கோரைப் பல்லு ரெண்டு தனியாச் செஞ்சு ஒட்டுனேன். சம்மந்தி கோவமா இருக்காவ. மீசையைப் பெருசாக்குனேன். சம்மந்தி மீசை வளத்துட்டாவ. பச்சை அடிச்சேன். சம்மந்திக்கு உடம்புக்கு முடியாத மாதிரி இருக்கு. பச்சையை அழிச்சுச் செவப்பு அடிச்சேன். பட்டறையில உலை முன்னால குழல் ஊதிட்டு நிமிருவாவள்லா, அந்தச் செவப்பு அச்சு அசலா வந்து நிக்கு. புருவத்தை ஏத்துனேன், நெத்தியில மூணு கோடு போட்டேன், காதுல இம்மாம்பெரிய குண்டலம் தொங்கவிட்டேன். மறைக்க மறைக்க அவியதான் வாராவ. மூக்கு மேல ஒரு மரு வச்சா ஆளு மாறும்னு வச்சுட்டு, தள்ளி நின்னு பாத்தா, அவியளுக்கே அது இல்லாமப் போனதுதான் குறைங்கிற மாதிரி இருக்கு. சொர்ணம் வாசல்ல நின்னு பாத்துட்டு, "இதுக்கு மேல ஒண்ணும் செய்யாதிய, உங்களைக் கும்பிடுதேன்"ன்னு அழுதா.

தீ வச்சுப்புடலாமான்னுகூடத் தோணிச்சு. கண்ணு திறந்ததைத் தீ வைக்கவா? யாருகிட்டயாவது சொல்லலாம்னா, சொன்ன மறுநிமிசம் சங்கரன்கோயிலுக்குப் போயிரும். காப்புக் கட்டுற அன்னைக்கு வெள்ளத்துரை மேளத்தோட வந்து தலையைத் தூக்கிட்டுப் போயிட்டாரு. அன்னைல இருந்து ஆறு நாளு சஷ்டி விரதம் இருந்தேன். பக்தியாலயா? தொண்டையில சோறு எறங்கல, அதை விரதம்னு சொல்லிக்கிட்டேன். சாமிகிட்ட என்ன வேண்டுனேன் தெரியுமா? மழை வரணும்னு. சூரசம்காரத்தன்னைக்கு ஊரே மழை வரக்கூடாதுன்னு வேண்டுது, நான் ஒருத்தன் வானத்தைப் பாத்துட்டு நிக்கேன். ஒரு சொட்டு விழல.

மத்தியானமே சம்மந்தி குடும்பத்தோட வந்துட்டாவ. உலகு வயித்தைத் தாங்கிக்கிட்டுப் பைய கார்ல இருந்து இறங்குதா. பிள்ளை மெலிஞ்சிருந்தா, கண்ணு மட்டும் பெருசா இருந்துது. "என்னப்பா, வேர்த்து ஊத்துது"ன்னா. வெயிலுன்னேன். மாப்பிள்ளை என்கிட்ட தண்ணி கேட்டாரு, நான் விபூதித் தட்டை எடுத்து நீட்டுதேன். அப்பிடி இருந்தேன் அன்னைக்கு.

சாயங்காலம் தெற்கு ரத வீதியில நிக்க இடம் இல்ல. கோயில் சார்பா சம்மந்தி தலையில பட்டுப் பரிவட்டம் கட்டி, முன்னால நாற்காலி போட்டு உக்கார வச்சிருக்காவ. பக்கத்துல உலகு. நான் எளநீ வண்டிக்குப் பின்னால நிக்கேன். யானைத் தலை வந்துது, விழுந்துது. சிங்கத் தலை வந்துது, விழுந்துது.

மூணாவது தலையைச் சொருவுனாவ. கீழ ஒருத்தன் கம்பைப் பிடிச்சுத் திருப்புவான், தலை இங்கிட்டும் அங்கிட்டும் ஆடும். தூக்கிட்டு ஓடிவந்தவனுவ, வேணும்னே செஞ்ச மாதிரி, சம்மந்தி நாற்காலிக்கு நேர வந்து நிறுத்துனானுவ. மேல ஒரு மூஞ்சி, கீழ ஒரு மூஞ்சி. ரெண்டுக்கும் நடுவுல பத்தடி. அதுக்குக் கிரீடம், இவியளுக்குப் பரிவட்டம். கூட்டத்துல ஒரு பொம்பளை, "ஏளா, இது யாரு மாதிரியோ இருக்குல்லா"ங்கா. பின்னால ஒருத்தன் களுக்குன்னு சிரிச்சான். சிரிப்பு அங்கன இருந்து இங்கன பரவுது. வெள்ளத்துரை சம்மந்தியைப் பாக்காரு, சூரனைப் பாக்காரு, அவரு மூஞ்சி வெளிறிப் போச்சு. சிரிப்பு அப்பிடியே அடங்குச்சு. அந்த அடக்கம்தான் அண்ணாச்சி எனக்குத் தாங்கல.

சம்மந்தி தலையைத் தூக்கிப் பாத்தாவ. இடது கண்ணைச் சுருக்குனாவ. உதட்டைப் பிதுக்குனாவ. கன்னத்தை உப்ப வச்சாவ. ஐயோ, அதைச் செய்யாதிய, இப்பம் அதைச் செய்யாதியன்னு எனக்கு உள்ள கத்துது. மேலயும் கீழயும் ஒரே பார்வை. "ம்ம்"ன்னாவ. பொறவு பக்கத்துல திரும்பி, கணீர்னு கேட்டாவ.

"எம்மா உலகு, இந்த மூஞ்சி யாரு மாதிரிம்மா இருக்கு?"

பிள்ளை நிமிந்து சூரனைப் பாத்தா. மாமனாரைப் பாத்தா. கூட்டத்துக்குள்ள தேடி, எளநீ வண்டிக்குப் பின்னால என்னையும் பாத்துட்டா. அவ கை வயித்து மேல இருக்கு. அவ வாயில யாரு பேரு வந்தாலும் அவதான் அதோட அந்த வீட்டுல இருக்கணும். நான் தலையை ஆட்டுதேன், வேண்டாம் தாயி, வேண்டாம்னு. என்ன வேண்டாம்னு எனக்கே தெரியல.

"எங்கப்பா மாதிரி இருக்கு மாமா"ன்னா.

சம்மந்தி என்னைத் தேடிப் பிடிச்சுப் பாத்தாவ. சூரனை ஒரு தடவை பாத்தாவ. என்னை ஒரு தடவை பாத்தாவ. தொடையில தட்டிட்டுச் சிரிச்சாவ பாருங்க. "அதானே! எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கேன்னு மண்டையைப் போட்டு உடைக்கேன்! என் வீட்டு வாசக்காலு சாய்ஞ்சிருக்குன்னு நிச்சயத்தன்னைக்கு அத்தனை பேரு முன்னால பாத்தேருல்லா சம்மந்தி, அதே மூஞ்சி!" பரிவட்டம் நழுவிக் கழுத்துக்கு வந்துட்டு, அப்பிடிச் சிரிச்சாவ. ஊரு மொத்தமும் சிரிச்சுது. சிரிப்போட சிரிப்பா வேலு வந்து சூரன் தலையைச் சாய்ச்சுட்டுது. நான் வெட்டிப் போட்ட எளநீக் கோம்பைக் குவியல் மேலயே உக்காந்துட்டேன்.

வாசக்காலு சாய்ஞ்சிருந்தது நெசம். ரெண்டு நூலு, கால் அங்குலம். அதைச் சொல்லாம எப்பிடி இருக்க முடியும்? சொன்னது நல்லதுக்குத்தானே. அதைப் போயி இம்புட்டு நாளு மனசுல வச்சுட்டு இருந்திருக்காவ பாருங்க. சில பேரு அப்பிடி.

ஒம்பது நாளு கழிச்சு எங்க வீட்டுல வளைகாப்பு. சம்மந்தி சந்தோசமா வந்தாவ, மகளை எங்ககிட்ட பேறுகாலத்துக்கு விட்டுட்டு, தை மாசம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டுப் போனாவ. எனக்குப் போன உசுரு வந்துது. எல்லாரும் போன பொறவு உலகு கை நெறைய வளையலோட இந்தப் பட்டறைக்கு வந்து, இந்தா நீங்க இருக்கிய பாருங்க, இந்தப் பலகையிலதான் உக்காந்தா.

"தாயி, அன்னைக்கு நல்ல நேரத்துல வாயில ஒரு பொய்யைக் குடுத்தானே முருகன், என்னைக் காப்பாத்திட்டியே"ன்னேன்.

"பொய்யா? நான் எங்க பொய் சொன்னேன்ப்பா?"

"பின்ன?"

"நெசமாவே உங்களை மாதிரித்தாம்ப்பா இருந்துது. எனக்கு வேற யாரும் தோணவே இல்ல." வளையலை ஒவ்வொண்ணாத் தள்ளிக்கிட்டே சொல்லுதா, குறையாச் சொல்லல, சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுதா. "வாசல்ல கோலம் போட்டுட்டு உங்களைக் கூப்பிடுவேம்லா, ஒரு கண்ணைச் சுருக்கிக்கிட்டுப் பாப்பிய. உதட்டைப் பிதுக்கி ஒரு 'ம்ம்' போடுவிய. நான் அழிச்சுட்டு மறுபடியும் போடுவேன். பாவாடை ஓரம், பரீட்சைப் பேப்பரு, தலை வகிடு, எல்லாத்துக்கும் அந்தப் பார்வைதான். அந்தக் கண்ணு சுருங்குச்சுன்னா நான் அம்மா பின்னால போயி ஒளிஞ்சுக்கிடுவேன். அந்த வீட்டுக்குப் போன புதுசுல எல்லாரும் கேட்டாவ, மாமாவைக் கண்டா ஒனக்குப் பயமா இல்லையான்னு. எனக்கு என்ன பயம்? பழகுன மூஞ்சிதானப்பா."

சொல்லிட்டு எந்திரிச்சு, பசிக்குதுன்னு அடுப்படிக்குப் போயிட்டா.

விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பா. என்ன? புள்ளத்தாச்சி, வாயில வந்ததைச் சொல்லுதா. சொர்ணத்துக்கிட்ட கேட்டேன், ஏளா, நான் அப்பிடியா பாப்பேன்னு. அவ முருங்கைக்காய் நறுக்கிட்டு இருந்தா. நறுக்கிட்டே இருந்தா.

பேரன் பொறந்து அஞ்சு மாசம் ஆச்சு. சம்மந்தி வீட்டுக்கு அவனைப் பாக்கப் போனா, ரெண்டு கண்ணையும் நல்லா அகலத் திறந்து வச்சுக்கிட்டுத்தான் தூக்குதேன். கண்ணு எரிஞ்சு தண்ணி வார வரைக்கும் இமைக்கதே இல்ல. தாத்தா அழுதாவன்னு உலகு எல்லார்கிட்டயும் சொல்லுதா. சொல்லிட்டுப் போறா. நான் பயப்படுதது எனக்குத்தானே தெரியும். சம்மந்தி மூஞ்சி வருமோன்னு பயந்த காலம் போச்சு அண்ணாச்சி. இப்பம் இன்னொரு சூரனைத் தொட்டா, அதுல யாரு வந்து நிப்பான்னு எனக்குத் தெரியும். அதான் மாட்டேங்கேன்.

சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நீங்க வெளியூர்க்காரரு, உங்களுக்கு என்கிட்ட ஆகவேண்டியது ஒண்ணும் இல்ல, என்னைப் பாத்துப் பயப்படவும் வேண்டியதில்ல. நீங்க வந்ததுல இருந்து உங்களை நான் எப்பிடிப் பாத்துட்டு இருக்கேன்?

குனியாதிய அண்ணாச்சி. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க.